கடிதத்தைப் பூட்டினாலும் கவர் பேசும்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருந்தால் சேமித்து வைத்து இரவில் படியுங்கள்.

இந்த வருடத்தில் மட்டும் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், டார் என்று ஒன்று இருக்காமே. அது வழியா ஈமெயில் அனுப்பினா யார் அனுப்பினதுன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாதாமே, நிஜமா?" எதற்காக என்று நான் கேட்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் தப்பை வெளியே சொல்ல நினைக்கிறவருக்கு இந்தக் கேள்வி வரும். மிரட்டலுக்குப் பயந்து வாழ்கிறவருக்கும் வரும். அப்படிப்பட்டவருக்கு "ஆமாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் அவருடைய பிழைப்பே போகலாம். "முடியாது" என்று சொன்னாலும் அது சரியான பதில் இல்லை.

கம்ப்யூட்டர் என் பாடம் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்துவிட்டு சமூக அறிவியல் நடத்தியவள் நான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. வரலாறு என் பாடம். அதனால் வரலாறாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரணக் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது விஷயம். வெளியே இருப்பது பெறுநர், அனுப்புநர், தபால் முத்திரை, தேதி, எடை. விஷயத்தைப் படிக்கக் கவரைக் கிழிக்க வேண்டும். வெளியே இருப்பதைப் படிக்கக் கண் இருந்தால் போதும். 1878-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே சட்டமாகச் சொன்னது. மூடிய கடிதத்தைப் பிரிக்க வாரண்ட் வேண்டும், ஆனால் அதன் வெளித்தோற்றத்துக்கும் எடைக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது. கவரின் மேல் உள்ளதை மட்டும் குறித்துக்கொள்ளும் கண்காணிப்பு முறை அந்த நாட்டுத் தபால் துறையில் பின்னாளில் வழக்கமாகவே ஆனது. 1979-ல் தொலைபேசிக்கும் அதே தர்க்கம் வந்தது. நீங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்க வாரண்ட் வேண்டும். எந்த எண்ணுக்கு டயல் செய்தீர்கள் என்று குறித்துக்கொள்ள வாரண்ட் தேவையில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று "மெட்டாடேட்டா" என்று பெரிய பெயரில் சொல்கிறார்களே, அது இந்தக் கவர்தான். யார், யாருக்கு, எப்போது, எங்கிருந்து, எத்தனை முறை.

ஈமெயில் வந்தபோது இந்தக் கவரும் கூடவே வந்தது. 1971-ல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வலையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதல் மெயிலை அனுப்பினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே அந்தச் சுழித்த 'அட்' குறியைப் போட்டதும் அவர்தான். 1982-ல் இன்றைய மெயில் விதிமுறைகள் எழுதப்பட்டன. அதன்படி ஒரு மெயில் எந்தெந்த சர்வர் வழியாகப் போகிறதோ, அந்த ஒவ்வொரு சர்வரும் அதன் தலையில் ஒரு வரியைச் சேர்க்கும். எங்கிருந்து வாங்கினேன், எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று. பழைய தபால் கவரின் பின்பக்கம் ஒவ்வொரு ஊர் அஞ்சலகமும் முத்திரை குத்துமே, அதே மாதிரி. நாம் மெயிலைத் திறந்தால் இந்த வரிகள் கண்ணில் படாது. ஆனால் இருக்கும்.

இதை மாற்ற முடியுமா என்று முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் டேவிட் சாம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஆராய்ச்சி மாணவர். 1981-ல் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். விஷயத்தைப் பூட்டும் வித்தை ஏற்கெனவே வந்துவிட்டது, யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதை மறைப்பது எப்படி என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை.

அவர் சொன்ன வழி இது. கடிதத்தை ஒரு கவரில் போடு. அந்தக் கவரை இன்னொரு கவரில் போடு. அதையும் இன்னொன்றில் போடு. ஒவ்வொரு கவரையும் ஒரு இடைநிலையத்தால் மட்டுமே திறக்க முடியும். திறந்தால் அடுத்த நிலையத்தின் பெயர் மட்டும் தெரியும். முதல் நிலையத்துக்கு அனுப்பியவர் தெரியும், யாருக்குப் போகிறது என்று தெரியாது. கடைசி நிலையத்துக்குப் பெறுநர் தெரியும், அனுப்பியவர் தெரியாது. இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒரு நிலையம் வந்த கடிதத்தை உடனே அனுப்பக் கூடாது. நிறையக் கடிதங்கள் சேரும் வரை காத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி, வரிசையைக் கலைத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் நின்று பார்ப்பவன் உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று கணக்குப் போட்டுவிடுவான். இந்தக் காத்திருக்கும் நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

சாமின் யோசனை காகிதத்தில் இருக்க, மக்களிடம் முதலில் பரவியது அதைவிட எளிய ஒன்று. 1993-ல் பின்லாந்தில் யோஹான் ஹெல்சிங்கியஸ் என்பவர் "பெனெட்" என்ற இலவசச் சேவையை நடத்தத் தொடங்கினார். நீங்கள் அவருடைய சர்வருக்கு மெயில் அனுப்பினால், அது உங்கள் பெயரை எடுத்துவிட்டு ஓர் எண்ணைக் கொடுத்து உரியவருக்கு அனுப்பும். பதில் வந்தால் எண்ணைப் பார்த்து உங்களிடம் சேர்க்கும்.

விடைத்தாள் திருத்தப் போன ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். விடைத்தாளில் பதிவெண்ணை நீக்கிவிட்டு டம்மி நம்பர் போடுவார்கள். திருத்துகிற எங்களுக்கு யாருடைய தாள் என்று தெரியாது. ஆனால் எந்த டம்மி நம்பர் எந்தப் பதிவெண்ணுக்கு உரியது என்ற பட்டியல் ஓர் இடத்தில் இருந்தே தீர வேண்டும். பெனெட்டிலும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியல் ஒரே மனிதரின் கையில் இருந்தது.

1995 பிப்ரவரியில் சயின்டாலஜி அமைப்பு, தங்கள் உள் ஆவணத்தை ஒருவர் பெனெட் வழியாக வெளியிட்டதாகப் புகார் கொடுத்தது. பின்லாந்து போலீஸ் வாரண்டோடு வந்தது. முழுப் பட்டியலையும் எடுத்துப் போய்விடுவார்களோ என்ற நிலை. கடைசியில் அந்த ஒருவருடைய முகவரியை மட்டும் ஹெல்சிங்கியஸ் கொடுத்தார். அடுத்த ஆண்டும் நீதிமன்றம் வழியாக நெருக்கடி வந்தது. 1996 ஆகஸ்ட் 30 அன்று சேவையை மூடுவதாக அறிவித்தார். அப்போது சுமார் 5 லட்சம் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். நாள் ஒன்றுக்கு 7,000-க்கும் மேற்பட்ட மெயில்கள் போய்க்கொண்டிருந்தன.

ஹெல்சிங்கியஸ் நேர்மையானவர். பணத்துக்காக யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்க ஒருவர் வருவார் என்பதுதான் பெனெட் விட்டுப் போன பாடம். சாம் பல நிலையங்கள் வேண்டும் என்று சொன்னதன் காரணம் அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. அதே காலத்தில் மிக்ஸ்மாஸ்டர் போன்ற சேவைகள் சாமின் முறையில் வந்தன. பாதுகாப்பு அதிகம். ஆனால் மெயில் போய்ச் சேர மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் போயே சேராது. பதில் வாங்குவதும் கஷ்டம். பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இங்கேதான் டார் வருகிறது. அதன் பிறப்பிடம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடம். 1990-களின் நடுவில் கோல்ட்ஸ்லாக், ரீட், சைவர்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் "வெங்காய வழி" என்ற முறையை உருவாக்கினார்கள். வெங்காயத்தை உரிப்பதுபோல ஒவ்வொரு நிலையமும் ஒரு தோலை உரிக்கும். பிறகு டிங்கில்டைன், மேத்யூசன் என்ற இருவரும் சைவர்சனோடு சேர்ந்து அதைப் புதிதாக எழுதினார்கள். 2002-ல் டார் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது.

அரசாங்கம் செய்த கருவியை எதற்கு ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள்? காரணம் எளிது. கடற்படை ஆட்கள் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு நடந்தால், முகமூடி போட்டவரெல்லாம் கடற்படை என்று தெரிந்துவிடும். மறைந்து போகக் கூட்டம் வேண்டும். பத்திரிகையாளர், மாணவர், வணிகர், போலீஸ், சாதாரண மனிதர் எல்லோரும் ஒரே முகமூடியில் நடந்தால்தான் யாரும் யாரென்று தெரியாது.

சாதாரணமாக டாரில் உங்கள் தகவல் மூன்று நிலையங்கள் வழியாகப் போகும். ஆனால் சாம் சொன்ன காத்திருக்கும் நிபந்தனையை டார் கைவிட்டது. இணையதளம் பார்க்கிறவர் மணிக்கணக்கில் காத்திருக்க மாட்டார் அல்லவா? வேகம் வேண்டும் என்று உடனுக்குடன் அனுப்புகிறது. அதனால் உங்கள் வீட்டு வாசலையும் கடைசி வாசலையும் ஒரே ஆள் கவனித்தால், நேரத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும். இதை டாரை உருவாக்கியவர்களே 2004-ல் எழுதிய கட்டுரையில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். குறையைத் தாங்களே சொல்வது எனக்கு அவர்கள்மேல் மரியாதையைத் தருகிறது.

இனி, டாரையும் ஈமெயிலையும் சேர்த்தபோது என்ன நடந்தது என்று பார்ப்போம். நான்கு சம்பவங்கள்.

முதலாவது 2007. ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகெர்ஸ்டாட் என்ற இளைஞர் டாரின் கடைசி நிலையங்கள் ஐந்தைத் தானே நடத்தினார். டார் நிலையத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். கடைசி நிலையத்தில் எல்லாத் தோலும் உரிந்துவிடும். அதற்குள்ளே இருக்கும் விஷயம் தனியாகப் பூட்டப்படாமல் இருந்தால், அந்த நிலையத்தை நடத்துகிறவர் அப்படியே படிக்கலாம். அவர் படித்தார். அந்த ஆகஸ்ட் கடைசியில் 100 மெயில் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை வெளியிட்டார். பல நாட்டுத் தூதரகங்களின் கணக்குகள் அதில் இருந்தன. நம் இந்தியத் தூதரகங்களும் இருந்தன. டார் வழியை மறைத்தது. கடிதத்தைப் பூட்டவில்லை. அது டாரின் வேலையும் அல்ல.

இரண்டாவது 2013 டிசம்பர் 16. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது. பரீட்சை நாள். கட்டடங்களைக் காலி செய்தார்கள். அனுப்பியவன் தற்காலிக மெயில் முகவரியை டார் வழியாகப் பயன்படுத்தியிருந்தான். அந்த மெயிலிலிருந்து பின்னோக்கிப் போனால் டார் வரைதான் போக முடியும். ஆகவே விசாரித்தவர்கள் மறுமுனையிலிருந்து தேடினார்கள். மெயில் வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழக வைஃபை வழியாக டாருக்குப் போனது யார் என்று பார்த்தார்கள். வைஃபைக்கு மாணவர் தன் பெயரில் நுழைய வேண்டும். ஒரு மாணவனின் பெயர் கிடைத்தது. விசாரித்ததும் பரீட்சையைத் தள்ளிப்போடச் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். அவன் செய்தது குற்றம், பிடிபட்டது நல்லது. ஆனால் இதே முறையில் ஒரு நல்லவரையும் பிடிக்கலாம் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் மறைய நினைத்தவனுக்குப் பக்கத்தில் கூட்டமே இல்லை.

மூன்றாவது அதே 2013, ஆகஸ்ட். லாவாபிட் என்ற அமெரிக்க மெயில் நிறுவனம். சுமார் 4 லட்சம் பயனாளிகள். எட்வர்ட் ஸ்னோடென் பயன்படுத்திய சேவை. அரசு முதலில் கேட்டது ஒரே ஒரு கணக்கின் மெட்டாடேட்டாவை, அதாவது கவரை மட்டும். அந்த நிறுவனத்தின் அமைப்பில் அது எளிதில் கிடைக்காது என்றானதும், எல்லாருடைய தொடர்பையும் திறக்கும் சாவியையே கேட்டது. நிறுவனர் லாடர் லெவிசன் அந்தச் சாவியைப் பொடி எழுத்தில் 11 பக்கம் அச்சடித்துக் கொடுத்தார். நீதிமன்றம் நாளுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தவர், ஆகஸ்ட் 8 அன்று நிறுவனத்தையே மூடிவிட்டார். ஒரு கவருக்காக 4 லட்சம் பேரின் பூட்டைக் கேட்டார்கள் என்றால் கவரின் மதிப்பு என்ன என்று யோசியுங்கள். அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014-ல், மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒரு மேடையில் வெளிப்படையாகவே சொன்னார்.

நான்காவது 2021. ஸ்விட்சர்லாந்தின் ப்ரோட்டான் மெயில், கடிதத்தைப் பூட்டி வைக்கும் நல்ல சேவை. பிரான்சில் ஒரு சுற்றுச்சூழல் போராட்டக்காரரைத் தேடிய பிரெஞ்சு போலீஸ், ஸ்விஸ் அதிகாரிகள் வழியாக உத்தரவு வாங்கியது. அந்த உத்தரவின்படி ப்ரோட்டான் அந்தக் கணக்கின் ஐ.பி. முகவரியைப் பதிவு செய்து கொடுத்தது. மெயிலில் எழுதியிருந்ததைக் கொடுக்கவில்லை. அதைக் கொடுக்க அவர்களாலும் முடியாது. கவர் மட்டும் போனது, ஆள் பிடிபட்டார். இங்கே டாரின் பயன் தெரிகிறது. ப்ரோட்டான் 2017 முதலே டார் வழியாக நுழையத் தனி வாசல் வைத்திருந்தது. அந்த வாசல் வழியாக மட்டும் போயிருந்தால் பதிவாகியிருப்பது டாரின் முகவரியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். விஷயம், வழி, முகவரி மூன்றும் வேறு வேறு. விஷயத்தைப் பூட்டுவது ஒரு கருவி. வழியை மறைப்பது இன்னொரு கருவி, அதுதான் டார். முகவரியை, அதாவது யாருக்கு யார் எழுதுகிறார் என்ற தொடர்பை, ஈமெயிலில் முழுவதும் மறைக்க எந்தக் கருவியாலும் முடியாது. ஏனென்றால் முகவரி இல்லாமல் மெயில் போகாது. ஒன்றைச் செய்துவிட்டு மூன்றும் முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

நம் நாட்டுக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். சத்யேந்திர துபே நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று புலன்விசாரணை சொன்னது, 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் பெயரை மறைக்கச் சொல்லி எழுதியவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்பது மாறாத உண்மை. இதன் பிறகுதான் 2004-ல் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்களில் நடக்கும் ஊழலை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரை உள்ளே எழுத வேண்டும், கவரின் மேல் எழுதக் கூடாது. மூடிய கவரின் மேல் இந்தத் தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று மட்டும் குறிப்பிட வேண்டும். பெயரே இல்லாத புகாரை எடுக்க மாட்டார்கள். பார்த்தீர்களா, இங்கும் பிரச்சினை கவர்தான்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

1. உங்கள் போன் நம்பர் கொடுத்துத் திறந்த கணக்கில் டார் வழியாக நுழைந்தால், டார் ஒன்றையும் மறைக்காது. கணக்கே உங்கள் பெயரைச் சொல்லும். டார் இல்லாமல் ஒரே ஒரு முறை அந்தக் கணக்கைத் திறந்திருந்தாலும் அந்தப் பதிவு இருக்கும்.

2. அலுவலகக் கம்ப்யூட்டர், அலுவலக வைஃபை இரண்டையும் இந்தக் காரியத்துக்குத் தொடவே கூடாது. ஹார்வர்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. விஷயத்தைப் பூட்டினாலும் பொதுவாகப் பொருள் வரி பூட்டப்படாது. 1991-ல் பில் சிம்மர்மன் வெளியிட்ட புகழ்பெற்ற பூட்டான பி.ஜி.பி.யும் கடிதத்தைத்தான் பூட்டியது, கவரை அல்ல. கம்ப்யூட்டரில் உள்ள மெயில் மென்பொருள், அனுப்பும் நேரத்தோடு உங்கள் ஊர்க் கடிகாரத்தையும் எழுதிவிடும். கூட்டல் 0530 என்று இருந்தால் அனுப்பியவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறார் என்று ஊகிக்க அது போதும்.

4. இணைக்கும் கோப்புக்கும் கவர் உண்டு. வேர்டு கோப்பில் எழுதியவர் பெயர் இருக்கலாம். போனில் எடுத்த படத்தில் எடுத்த இடமும் நேரமும் இருக்கலாம்.

5. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை எழுதினால், எழுதியவர் அந்த மூவரில் ஒருவர் என்பதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம்.

6. உண்மையிலேயே ஆபத்தான விஷயம் என்றால் ஈமெயில் அதற்கான கருவியே இல்லை. இதை உணர்ந்துதான் ஆரன் ஸ்வார்ட்ஸும் கெவின் பௌல்சனும் ஈமெயிலை முழுவதும் ஒதுக்கிவிட்டு, டார் வழியாகப் பத்திரிகை அலுவலகத்தின் சொந்தப் பெட்டியிலேயே ஆவணத்தைப் போடும் முறையை உருவாக்கினார்கள். 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த அதுதான் இன்று செக்யூர்ட்ராப் என்ற பெயரில் பல பத்திரிகைகளில் இருக்கிறது. நடுவில் பட்டியல் வைத்திருக்க மெயில் நிறுவனம் என்று ஒன்று அதில் கிடையாது.

ஆகவே டார் பொய் இல்லை. நல்ல கருவி, நல்லவர்கள் உருவாக்கியது. ஆனால் அது போகும் பாதையை மறைக்கும் கருவி. நீங்கள் கையில் எடுத்துப்போகும் கவரில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்காது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு அப்படி ஓர் அவசியம் இருந்தால், முதலில் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். என்னிடமும் பேசலாம். ஆனால் அதைப் பற்றி இந்தப் பதிவின் கீழே ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள், இன்பாக்ஸிலும் வேண்டாம். வீட்டுக்கு வாருங்கள். வரும்போது போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.